திருப்பெரும்புதூர் வட்டாரப் போர் நினைவுச் சின்னங்கள்

திருப்பெரும்புதூர் வட்டாரப் போர் நினைவுச் சின்னங்கள் என்பன, தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்திற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட சமவெளியில் போரில் இறந்தோரை நினைவுகூரும் கல்வெட்டுகள், தூண்கள், கல்லறைகள் ஆகியவற்றைக் குறிக்கும். மணிமங்கலம், புள்ளலூர், நந்தம்பாக்கம் ஆகிய மூன்று ஊர்கள் இவற்றுள் முதன்மையானவை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளில் இங்கு நடந்த போர்களில் மாண்ட வீரர்களுள் மிகச் சிலரின் பெயர்களே எஞ்சியுள்ளன. எவருடைய பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது, எவருடையது விடப்பட்டது என்பது காலந்தோறும் மாறி வந்திருப்பதை இச்சின்னங்கள் காட்டுகின்றன.

திருப்பெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி நினைவிடம், 1991 மே 21 அன்று அங்கு கொல்லப்பட்ட முன்னாள் பிரதமருக்கு உரியது. அது போர் நினைவுச் சின்னம் அன்று.

அமைவிடம்

காஞ்சிபுரத்திலிருந்து கிழக்கே கடற்கரை வரை பரவியுள்ள இச்சமவெளி ஏரிகள் நிறைந்தது. பெரிய மலைத்தடைகள் இல்லாததால், வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த படைகள் காஞ்சியையும், பிற்காலத்தில் சென்னைக் கோட்டையையும் அடைய இவ்வழியையே பயன்படுத்தின. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் உள்ள சிப்காட் தொழிற்பூங்காக்களால் இப்பகுதி இன்று மோட்டார் வாகன, மின்னணுத் தொழில்களுக்குப் பெயர்பெற்றது. மணிமங்கலம் இத்தொழிற்பகுதியை அடுத்தே உள்ளது. புள்ளலூர் காஞ்சிபுரத்திற்கு வடக்கேயும், நந்தம்பாக்கம் சென்னையில் பரங்கிமலைக்கு அருகேயும் அமைந்துள்ளன.

பல்லவர் காலம்

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் இடையே நிகழ்ந்த போர்களில் இரண்டு இவ்வட்டாரத்தில் நடந்தன.

முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பகைவரை அழித்தான் என்று, இரண்டாம் நந்திவர்மனின் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் யார் என்பதை அச்செப்பேடு குறிப்பிடவில்லை; இரண்டாம் புலிகேசியின் படையே என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. மறுபுறம், கி.பி. 634-ஐச் சேர்ந்த சாளுக்கியரின் ஐகொளெ கல்வெட்டு, பல்லவ அரசனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளியச் செய்ததாகப் புலிகேசியைப் புகழ்கிறது.

மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியைத் தோற்கடித்ததை முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு தெரிவிக்கிறது. இதனைத் தொடர்ந்து கி.பி. 642 அளவில் வாதாபி கைப்பற்றப்பட்டது.

இச்செப்பேடுகள் அரசர்களின் புகழை நிலைநிறுத்த எழுதப்பட்டவை. புள்ளலூரிலும் மணிமங்கலத்திலும் போரிட்டு மடிந்த வீரர்களைப் பற்றி அவை எதுவும் கூறவில்லை.

சோழர் காலக் கல்வெட்டு

மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, கி.பி. 1054 அளவில் துங்கபத்திரை ஆற்றுப் பகுதியில் நடந்த கொப்பம் போரை விவரிக்கும் இரண்டாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ஆகும். இப்போரில் அவனுடைய அண்ணன் முதலாம் இராசாதிராசன் யானைமீது இருந்தவாறே இறந்தான். அதனால் அவனுக்கு ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

மாண்ட சாளுக்கியத் தலைவர்களின் பெயர்களை அம்மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. கைப்பற்றப்பட்ட யானைகளும் சத்துருபயங்கரன், மூலபத்திரன் எனப் பெயரோடு குறிக்கப்படுகின்றன. இரு தரப்பிலும் இறந்த காலாட்படை வீரர்களின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை.

நடுகல் மரபு

சாதாரண வீரனின் பெயரைக் கல்லில் பொறிக்கும் மரபு தமிழகத்தில் இல்லாமல் இல்லை. போரிலோ ஆநிரை மீட்கும் பூசலிலோ இறந்தவனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம் நடுகல் எனப்படுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டுகள், எழுத்துள்ள நடுகற்களுள் மிகப் பழமையானவையாகக் கருதப்படுகின்றன.

பல்லவர் கால நடுகற்கள் செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. செங்கத்தை ஒட்டிய எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்துப் போராடிய கோவிவன் என்ற அவனுடைய நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே அரசனின் காலத்தில், ஊரார் எடுத்த கல்லில் ஒரு நாய்க்கும் பெயர் கிடைத்தது. அரசனின் வெற்றியைப் போற்றும் செப்பேட்டில் படைவீரன் ஒருவனுக்கும் பெயர் கிடைக்கவில்லை. இறந்தவனை நேரில் அறிந்தவர்கள் எழுப்பிய சின்னத்திற்கும் அரசு எழுப்பிய சின்னத்திற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

புள்ளலூர்ப் போர்கள், 1780–1781

இரண்டாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின்போது புள்ளலூர் மீண்டும் போர்க்களமாயிற்று. கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் குண்டூரிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, காஞ்சிபுரத்தில் இருந்த சர் எக்டர் மன்ரோவின் படையுடன் சேர முயன்றது. செப்டம்பர் 10, 1780 அன்று ஐதர் அலியும் திப்பு சுல்தானும் புள்ளலூருக்கு அருகே பெய்லியின் படையைச் சூழ்ந்துகொண்டனர். மைசூர்ப் படை ஏவுகணைகளையும் பயன்படுத்தியது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் அவரது படை நிலைகுலைந்தது. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படை முற்றாக அழிந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். சில மைல் தொலைவில் இருந்த மன்ரோ உரிய நேரத்தில் உதவிக்கு வரவில்லை. பின்னர் அவர் தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஓராண்டு கழித்து, ஆகத்து 27, 1781 அன்று அதே பகுதியில் சர் அயர் கூட் தலைமையிலான கம்பெனிப் படையும் ஐதரின் படையும் மோதின.

இப்போர்களைக் குறிக்கும் சின்னங்கள் பின்வருமாறு:

புள்ளலூரில் உள்ள இரண்டு கூர்நுனித் தூண்கள். இவை 1781 போரில் இறந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்சு இசுலாப் ஆகிய அதிகாரிகளுக்கு உரியவை.

சிறீரங்கப்பட்டணத்தில் உள்ள பெய்லி நினைவு மண்டபம். பெய்லி 1782-இல் அங்குச் சிறையில் இறந்தார். அவருடைய உறவினர் 1816-இல் இதனை எழுப்பினார்.

சிறீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவர் ஓவியம். மைசூர்த் தரப்பின் வெற்றிச் சின்னமான இதில், பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதாகக் காட்டப்பட்டுள்ளது.

பெய்லியின் படையில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். புள்ளலூர்த் தூண்களில் அவர்களின் பெயர்கள் இல்லை. மைசூர்த் தரப்பில் மாண்ட சாதாரண வீரர்களின் பெயர்களும் அங்கு இல்லை.

சென்னை போர்க் கல்லறை

நந்தம்பாக்கத்தில் பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் உள்ள சென்னை போர்க் கல்லறை 1952-இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் நிலையான பராமரிப்புக்கு வழியில்லாத இடங்களில் இருந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் இங்கு மாற்றப்பட்டன. இங்கு 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. பின்புறம் உள்ள முதலாம் உலகப்போர் நினைவுச் சின்னத்தில், இந்தியாவின் பல பகுதிகளில் புதைக்கப்பட்ட 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதனைப் பொதுநலவாய போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. 1917-இல் நிறுவப்பட்ட இவ்வாணையத்தின் கொள்கை, இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்பதாகும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்பதும் அதன் விதி. எனவே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல்லே வைக்கப்படுகிறது. கல்லின் அடியில் குடும்பத்தினர் விரும்பிய சில சொற்களைப் பொறிக்கவும் இடமளிக்கப்பட்டது.

தகனம் செய்யப்பட்டோருக்கும் உடல் கிடைக்காதோருக்கும் கல்லறை இல்லை. அவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்படுகின்றன. பர்மாப் போர்முனையில் இறந்தோருக்கு யங்கோனை அடுத்த தௌக்கியானிலும், மலாயா, சிங்கப்பூர்ப் போர்களில் இறந்தோருக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் இத்தகைய சின்னங்கள் உள்ளன. ஆகவே சென்னையைச் சேர்ந்த ஒரு வீரரின் பெயர் சென்னையில் இல்லாமல் கடல் கடந்த ஓர் ஊரில் இருக்கக்கூடும்.

விடுபட்ட பெயர்கள்

மேற்கூறிய கொள்கை எல்லா இடங்களிலும் பின்பற்றப்படவில்லை. முதலாம் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் குறித்து ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாக அது ஒப்புக்கொண்டது. இவர்களுள் இந்தியர்களும் அடங்குவர். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் குறிக்கப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. பிந்தைய தொகையில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். ஆணையம் இதற்காக மன்னிப்புக் கோரியது.

விடுதலைக்குப் பின்

1947-க்குப் பின் உயிரிழந்த இந்தியப் படைவீரர்களுக்கான தேசியப் போர் நினைவுச் சின்னம் புது தில்லியில் பிப்ரவரி 25, 2019 அன்று திறக்கப்பட்டது. திறக்கப்பட்டபோது அதில் 25,942 பெயர்கள் இருந்தன. சென்னைக் கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னம் முதலாம் உலகப்போர் வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்டது. பிற்காலப் போர்களில் இறந்தோரும் அங்கு நினைவுகூரப்படுகின்றனர்.

பரங்கிமலையில் 1963-இல் தொடங்கப்பட்ட படை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் பயின்றவர்களுள் இருவர் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டவர்கள். மேஜர் இராமசாமி பரமேசுவரன் நவம்பர் 25, 1987 அன்று இலங்கையில் அமைதி காக்கும் படைப் பணியின்போது இறந்தார். பரம் வீர் சக்கரம் பெற்றார். தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்து வரதராசன் ஏப்ரல் 25, 2014 அன்று காசுமீரில் இறந்தார். அவருக்கு வழங்கப்பட்ட அசோகச் சக்கர விருதை 2015 குடியரசு நாளில் அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி, போரில் இறந்தோரின் குடும்பத்தினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் பயன்படுத்தப்படுகிறது.

குடும்பத்தினரின் பெயரைத் தேடுதல்

உலகப்போர்களில் இறந்த முன்னோரின் பெயரைப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த நாள், நினைவுச் சின்னத்தில் பெயர் உள்ள பகுதி ஆகியவை அதில் கிடைக்கும். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் தரப்பட்டுள்ளன. தேடும்போது கவனிக்க வேண்டியவை:

தமிழ்ப் பெயர்கள் அன்றைய எழுத்தர்கள் கேட்டவாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்க வேண்டும். படைப்பிரிவும் இறந்த ஆண்டும் தெரிந்தால் அவற்றைக் கொண்டு தேடுவது எளிது.

உலகப்போர்களின்போது திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் பகுதிகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. காஞ்சிபுரம் மாவட்டம் 1997-இல்தான் உருவானது. எனவே செங்கல்பட்டின் பழைய ஆங்கில வடிவமான ‘சிங்கிள்புட்’ என்பதைக் கொண்டும் தேட வேண்டும்.

வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். முதலாம் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அப்போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள வட்டமான வெண்கலத் தகடும் வழங்கப்பட்டது. அதில் பதவி குறிப்பிடப்படாமல் பெயர் மட்டுமே இருக்கும். பித்தளைப் பொருள் என எண்ணி இவற்றைப் பழைய பாத்திரங்களோடு விற்றுவிட்டால், குடும்பத்திடம் உள்ள ஒரே சான்றும் மறைந்துவிடும்.

பாதுகாப்பு

ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கிடக்கும் எழுத்துள்ள கற்கள், நிலம் சமன்செய்யப்படும்போதும் சாலை அகலப்படுத்தப்படும்போதும் எளிதில் சிதைந்துவிடக்கூடியவை. நடுகல் இருந்த இடமும் ஒரு வரலாற்றுச் சான்று என்பதால், இத்தகைய கல்லைக் காண்போர் அதனைப் பெயர்க்காமல், ஒளிப்படம் எடுத்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தமிழ்நாடு தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது நன்று. சுண்ணாம்போ வண்ணமோ பூசுவதால் எழுத்துகள் மறையும். கல் உடைந்திருப்பின் துண்டுகளை அதே இடத்தில் விட்டுவைக்க வேண்டும்; இறந்தவனின் பெயர் உள்ள பகுதி அவற்றுள் எதில் உள்ளது என்பது படித்த பின்னரே தெரியவரும்.