நிர்வாகி உரிமை இல்லாமல் பாக்கெட் பிடித்தல்

கணினியின் நெட்வொர்க் கார்டு வழியே போய்வரும் பாக்கெட்டுகளை, ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் இல்லாத சாதாரணப் பயனரும் பதிவுசெய்ய வழிவிடும் ஏற்பாடு. லினக்ஸில் இந்த அனுமதி இயல்பாக நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால், எல்லாருடைய போக்குவரத்தும் பிடிப்பவர் கண்ணில் படும் என்பதே காரணம்.

இதற்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் வயர்ஷார்க். 1998-இல் ஜெரால்ட் கோம்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டது. 2006-இல் பெயர் மாறியது. ஆயிரக்கணக்கான நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் நிரல் அதில் இருக்கிறது. யாரோ அனுப்பிய கோணல் பாக்கெட் ஒன்று அந்த நிரலில் ஒளிந்திருக்கும் பிழையைத் தொட்டால், ரூட்டாக ஓடும் வயர்ஷார்க்கோடு கணினியும் கைவிட்டுப் போகும். அதனால்தான் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரலுக்கு ஒதுக்கினார்கள். ரூட்டின் முழு அதிகாரத்தையும் தராமல், பாக்கெட் பிடிக்கத் தேவையான துண்டு அதிகாரங்களை மட்டும் டம்ப்கேப் கோப்புக்கு வழங்க லினக்ஸ் கெர்னல் 2.6.24 (2008) முதல் வழி உண்டு.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடித்தளமான டெபியனில், வயர்ஷார்க்கை நிறுவும்போதே சாதாரணப் பயனருக்கு அனுமதி தரலாமா என்ற கேள்வி வரும். இயல்பான விடை ‘வேண்டாம்’. ‘ஆம்’ என்று சொல்லி, பயனரை ‘வயர்ஷார்க்’ குழுவில் சேர்த்தால் போதும். ஆனால் லாக்அவுட் செய்து மறுபடி நுழையாதவரை அனுமதி மறுப்புதான் வரும். இந்த இடத்தில் பொறுமையிழந்து, ரூட்டாக இயக்கும் சூடோ கட்டளையைப் போட்டுத் திறப்பவர்கள் அதிகம். செய்த ஏற்பாடே வீணாகிவிடும்.

துறைமுகமும் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் நெருங்கி நிற்கும் எண்ணூர், மணலி போன்ற பகுதிகளில், குழு வழியே மட்டும் அனுமதி தரும் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஆலைக் கருவிகள் பேசப் பரவலாகப் புழங்கும் மோட்பஸ் நெறிமுறை (1979), அதன் வழக்கமான வடிவில், கடவுச்சொல்லோ மறையாக்கமோ அற்றது. 502-ஆம் போர்ட்டில் பிடித்தால் வால்வு, வெப்பநிலை மதிப்புகளை அப்படியே படிக்கலாம். பழுதுபார்க்க வரும் ஒப்பந்தப் பணியாளரிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதைவிட, குழுவில் சேர்த்து வேலை முடிந்ததும் நீக்குவதே சரி. குழுவில் சேர்ந்தாலும், ஸ்விட்சில் மிரர் போர்ட் (போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் இணைப்பு) அமைக்காதவரை அடுத்த கணினிகளுக்கு இடையிலான பேச்சு பெரும்பாலும் வந்து சேராது.

கணினி தரும் அனுமதி சட்டத்தின் அனுமதி ஆகாது. உரிமையாளர் இசைவின்றி, முறைகேடான நோக்கத்தோடு தரவை எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, ரூ.5 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.