ஓடை தரும் சுறாப் பற்கள்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே பிக் புரூக் என்றோர் ஓடை உண்டு. வெள்ளம் கரையை அரித்து வடிந்தபின், மக்கள் அதில் இறங்கிச் சரளையைச் சல்லடையிலிட்டு அலசுவர். மண் கழியச் சுறாப் பற்கள் எஞ்சும். அவை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பரந்திருந்த காலத்தவை. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாதலின் எளிதில் அழியும். உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும் பற்களே நிலைக்கும்.

பண்டை ஐரோப்பியர் இவற்றைப் பற்களென அறிந்திலர். வானினின்று வீழ்ந்த கற்கள் என்றார் உரோம அறிஞர் பிளினி. மால்ட்டாத் தீவினரோ, புனித சின்னப்பரின் சாபத்தாற் கல்லான பாம்பு நாக்குகள் என்றனர். நஞ்சை முறிக்கும் என நம்பினர்.

1616இல் இத்தாலியரான பாபியோ கொலொன்னா, அவை சுறாப் பற்களே என எழுதினார். 1666இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலை புளோரன்ஸ் நகருக்கு வந்தது. அதனை அறுத்தாராய்ந்த டென்மார்க்கு வைத்தியர் ஸ்டெனோ, அதன் பற்களும் அக்கற்களும் ஒத்திருத்தலை 1667இல் வெளியிட்டார். கடற்பல் பாறையுட் புகுந்தது எங்ஙனம்? சேறு படிந்து இறுகியே பாறையாயிற்று. கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது என 1669இல் அவர் விளக்கினார். நிலநூலுக்கு அது அடிப்படையாயிற்று.

சல்லடையிற் சிக்கும் சிறு பல்லும் அவ்வுண்மைக்கே சான்று பகர்கின்றது: இன்றைய நிலம் என்றும் நிலமாகவே இருந்ததன்று.