போனில் பளிச்... டிஜிட்டல் கேமராவில் மங்கல்! வீட்டு விசேஷத்தில் நல்ல படம் எடுப்பது எப்படி?

அலமாரி மூலையில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்து சார்ஜ் போடுபவர்கள் இப்போது அதிகம். 2010-ல் மட்டும் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் சந்தைக்கு அனுப்பப்பட்டவை இந்த காம்பாக்ட் கேமராக்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூட தொடவில்லை என்கிறது ஜப்பான் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபாவின் கணக்கு. ஸ்மார்ட்போனால் ஓரங்கட்டப்பட்ட அதே சின்னப் பெட்டியை, அந்தக் காலப் படங்களின் நிறத்துக்காகவே இன்றைய இளசுகள் தேடுகிறார்கள்.

ஆசையா எடுத்துக்கிட்டுப் போய் வளைகாப்பிலோ பிறந்தநாளிலோ கிளிக் செய்தால், முகம் கலங்கியிருக்கு, பின்னாடி ஒரே இருட்டு, கண் சிவப்பு. தாத்தாவின் சதாபிஷேகத்தை இன்னொரு முறை நடத்தி படம் எடுக்க முடியாது. அதனால் கேமரா எங்கே சறுக்குகிறது என்பதை விசேஷத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேமரா பழசு என்பதாலா?

அது மட்டும் இல்லை. பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரின் அளவு சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கல்யாண போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது பரப்பளவில் 30 மடங்கு பெரிது. சென்சார் சின்னதாக இருந்தால் கிடைக்கும் வெளிச்சமும் குறைவு.

போன் சென்சாரும் சின்னதுதானே என்று கேட்கலாம். போன் ஒரு கிளிக்கில் பல படங்களை எடுத்து, அவற்றைக் கலந்து ஒரே படமாக்கித் தருகிறது. பழைய கேமராவுக்கு அந்த வேலை தெரியாது. அதன் கண்ணுக்கு எது கிடைத்ததோ அதுதான் படம். பகல் வெளிச்சத்தில் பிரமாதமாக வரும் கேமரா, ட்யூப்லைட் ஹாலில் திணறுவது இதனால்தான்.

மங்கலில் ரெண்டு வகை

வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் முழுக்கக் கலங்கும். ஆள் அசைந்தால் ஆள் மட்டும் கலங்குவார், பின்னாடி இருக்கும் சுவர் தெளிவாக இருக்கும். எடுத்த படத்தை பெரிதாக்கிப் பார்த்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

கை ஆட்டத்துக்கு வழி சுலபம். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைங்க, தூணிலோ கதவு நிலையிலோ சாய்ந்துகொள்ளுங்க. கேமராவை மேஜையில் வைத்து 2 வினாடி டைமரில் எடுத்தால் பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டமும் போய்விடும். ஸ்டெபிலைசேஷன் வசதி இருந்தால் அதுவும் உதவும். ஆனால் அது சரிசெய்வது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான், ஓடுற குழந்தையை அது நிறுத்தாது.

அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும். மெனுவில் ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து 400 அல்லது 800-க்கு மாற்றிப் பாருங்க. புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பயப்பட வேண்டாம். புள்ளி இருந்தாலும் முகம் தெளிவாக இருந்தால் ஆல்பத்தில் ஒட்டலாம். கலங்கிய முகத்தை எந்த ஆப்பாலும் முழுசா மீட்க முடியாது.

இன்னொன்று, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துவது. பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்து தயாராக நிற்கும், பச்சை விளக்கோ பச்சைக் கட்டமோ வரும். மீதி அழுத்தும்போதுதான் படம் பதிவாகும். குழந்தை கேக் வெட்டப் போகிறது என்று தெரிந்ததும் பாதி அழுத்தி வைத்துக் காத்திருந்தால், அந்த நொடி தவறாது.

ஃபிளாஷ் எப்போ போடணும்?

காம்பாக்ட் கேமரா ஃபிளாஷ் உருப்படியாக எட்டுவது சுமார் 3 மீட்டர் வரைதான். தூரம் இரு மடங்கானால் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையை ஃபிளாஷ் போட்டு எடுத்தால், முன்னாடி இருப்பவரின் தலை மட்டும் பளிச்சென்று வரும், மாப்பிள்ளையும் பொண்ணும் இருட்டில் நிற்பார்கள். அங்கே ஃபிளாஷை ஆஃப் செய்துவிடுங்க. மேடை விளக்கே போதும்.

ஜூமும் சும்மா வருவதில்லை. பல கேமராக்களில் ஜூமை முழுசா இழுத்தால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஹாலுக்குள் ஜூம் செய்வதைவிட நாலு அடி முன்னாடி போவதே மேல். டிஜிட்டல் ஜூம் வெறும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அதை மெனுவிலேயே அணைத்து வைக்கலாம்.

ஃபிளாஷுக்கு உண்மையான வேலை பகலில் இருக்கிறது. வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் கருப்பாக வரும். அப்போது ஃபிளாஷைக் கட்டாயமாக எரியவைத்து எடுத்தால் முகம் தெளியும். இரவில் ஆள், பின்னாடி சீரியல் விளக்கு ரெண்டும் வேண்டுமென்றால், ஆளும் நட்சத்திரமும் வரைந்த நைட் போர்ட்ரெயிட் மோடுக்குப் போங்க. ஃபிளாஷ் அடித்த பிறகும் ஒரு நொடி அசையாமல் நிற்கச் சொல்வது முக்கியம்.

சிவப்புக் கண்ணுக்குக் காரணம், ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பது. இருட்டில் விரிந்த கண்மணிக்குள் போகும் வெளிச்சம் விழித்திரையில் பட்டு நேராகத் திரும்பி வருகிறது. அறையின் எல்லா விளக்கையும் போட்டாலே பாதி பிரச்னை தீரும்.

வெள்ளை வேட்டி ஏன் சாம்பலாகிறது?

எதைப் பார்த்தாலும் அது நடுத்தர வெளிச்சம் என்று எடுத்துக்கொள்வது கேமராவின் வழக்கம். வெள்ளை வேட்டி சட்டையில் பத்து பேர் நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கிவிடும். கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டனில் கூட்டல் பக்கம் 0.7 அல்லது 1 வைத்தால் வெள்ளை வெள்ளையாகவே வரும். கருப்புப் பின்னணியில் ஒரே ஒரு ஸ்பாட் லைட்டில் ஆடும் பரதநாட்டியக் கலைஞர் என்றால் நேர் எதிர், கழித்தல் பக்கம் போகணும். இல்லையென்றால் முகம் வெளிறிப்போகும்.

மெகாபிக்சல் கவலை வேண்டாம். 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு சுமார் 2 மெகாபிக்சல் போதும்.

கிளம்பும் முன்...

கார்டுதான் பலரை ஏமாற்றுவது. 2006-க்கு முந்தைய கேமராக்கள் பலவும் 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டை மட்டுமே ஏற்கும். 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. கடையில் 64 ஜிபி வாங்கிவிட்டு, கார்டு எரர் என்று கேமராவைத் திட்டுவதில் பலன் இல்லை. பழைய படங்களை காப்பி எடுத்த பிறகு, கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்க. பேட்டரி உப்பியிருந்தால் அதில் படம் எடுக்கும் யோசனையே வேண்டாம், மாற்றிவிடணும். தேதியையும் பாருங்க. பல வருஷம் கிடந்த கேமரா பழைய தேதிக்கே போயிருக்கும், படங்களும் அந்த வருஷக் கணக்கில் சேரும்.

ஏசி ஹாலிலிருந்து வெளியே புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படியும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே விட்டு எடுங்க.

படத்தைத் தவறுதலாக அழித்துவிட்டால், அந்தக் கார்டில் அடுத்த படம் எடுக்காமல் உடனே கழற்றி வைங்க. மேலே புதுப் படம் பதிவாகாத வரை, ரெகவரி சாஃப்ட்வேரில் மீட்க வாய்ப்பு உண்டு. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் கேமராவில் இருந்தபடியே போய்ச் சேரும்.