பின் ஆக்ஸிலின் வரலாறு: ட்ரையம்ப் ஜி.டி.6 முதல் மஸ்டாங் வரை

பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பேயையும் இன்றைய கூப்பேயையும் ஒப்பிடுவோர் முதலில் குதிரைத்திறனைத்தான் பேசுவார்கள். 1966-இல் வந்த ட்ரையம்ப் ஜி.டி.6-இன் 1,998 சி.சி., ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு 95 குதிரைத்திறன். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யின் வி8 இன்ஜினுக்கு ஏறத்தாழ 400. ஆனால் எடையும் சுமார் 865 கிலோவிலிருந்து 1,700 கிலோவுக்கு மேல் போய்விட்டது. இவ்விரு வண்டிகளையும் பிரிப்பது பின் சக்கரங்கள் தரையைப் பற்றும் முறையே என்பது என் துணிபு.

ஜி.டி.6-இன் வேர் தமிழ்நாட்டுக்குப் பழக்கமான வண்டிதான். இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. கூப்பே வடிவமும் அதற்கு இருந்தது. அதன் சேசிஸைக் குறுக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஜி.டி.6. அதே ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூரில், 948 சி.சி. இன்ஜினுடன் தயாரித்தது.

இந்தக் குடும்பத்துக்கே ஒரு குறை இருந்தது: ஸ்விங் ஆக்ஸில். சக்கரத்தின் பக்கம் மூட்டு கிடையாது. டிஃபரென்ஷியல் பக்கம் மட்டுமே உண்டு. அதனால் ஆக்ஸில் சாயும்போது சக்கரமும் கூடவே சாயும். வளைவில் வேகமாகப் போகையில் ஓட்டுநர் பதறி ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்புறம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், டயர் பிடி விடும், வால் சட்டென வீசும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையின் வளைவுகளில், மழை நனைத்த தாரில் இது என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டத்தில் வண்டி ஓட்டுவோருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் இரு வழிகளில் போனார்கள். இங்கிலாந்தில் 1968-இன் ஜி.டி.6 மார்க் 2, கீழே விஷ்போன் என்னும் தாங்கு கரம் சேர்த்துச் சக்கரத்தை நிமிர்த்தியது. செலவு கூடிய வழி அது. சென்னை மறுதிசையில் நடந்தது. ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் இந்திய வாடிக்கையாளர்களுக்கு ஒத்துவராததால், அதன் வழித்தோன்றலாக 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேசலுக்கு லீஃப் ஸ்பிரிங் பட்டைகளோடு கூடிய ஒற்றைத் தண்டு ஆக்ஸில் பொருத்தப்பட்டது. ஏட்டளவில் இது பின்னடைவு. பள்ளம் விழுந்த சாலைக்கும் ஊர்ப் பட்டறைக்கும் ஏற்ற, நேர்மையான பொறியியல் முடிவு என்றே நான் மதிக்கிறேன்.

மஸ்டாங்கின் கதையும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1964-இல் அறிமுகமான அந்த வண்டி, சில சிறப்பு மாடல்கள் நீங்கலாக, ஐம்பது ஆண்டுகள் ஒற்றைத் தண்டு ஆக்ஸிலிலேயே ஓடியது. 2015 மாடலில்தான் எல்லா மஸ்டாங்குக்கும் தனித்தனியே இயங்கும் பின் சஸ்பென்ஷன் வந்தது. வலப்பக்க ஸ்டீயரிங்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியதும் அந்தத் தலைமுறையில்தான். இன்றோ வால் வீசத் தொடங்கிய உடனேயே மின்னணுக் கட்டுப்பாடு தனிச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது.  ஜி.டி.6-இல் எல்லாம் ஓட்டுநரின் கையிலும் காலிலும்தான்.

வண்டலூருக்குத் தெற்கே, மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை இருந்தும் மஸ்டாங் அங்கே தயாராகவில்லை, இறக்குமதியாகவே வந்தது. கேசலோ நம் சாலைக்காகவே நம்மூரில் மாற்றியமைக்கப்பட்டது. 1977-இல் அதன் தயாரிப்பு நின்றது. உருவானவையே மிகக் குறைவு. பழைய கேசல் வைத்திருப்போர் மெருகேற்றும் ஆசையில் அதன் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.