ரூபாய் – ஸ்டெர்லிங் மாற்று விகிதம்

இந்திய ரூபாய்க்கும் பிரிட்டனின் பவுண்ட் ஸ்டெர்லிங்குக்கும் இடையிலான மாற்று விகிதம், கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவான வெள்ளி ரூபாயை நிறுவிய 1835 முதல், ரூபாய் பவுண்டின் பிணைப்பிலிருந்து விடுபட்ட 1975 வரை, இந்தியாவின் வெளிநாட்டுச் செலாவணியில் முதன்மையான விகிதமாக விளங்கியது. ஒரு பவுண்டுக்கு எத்தனை ரூபாய் என்று இன்று கேட்பதுபோல் அல்லாமல், ஒரு ரூபாய்க்கு எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ் என்றே அந்நாளில் விகிதம் குறிக்கப்பட்டது. 1971 வரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்காகவும், 20 ஷில்லிங் ஒரு பவுண்டாகவும் இருந்தமையால், ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்றால் பவுண்டுக்கு 15 ரூபாய் என்று பொருள்.

தொடக்கத்தில் இவ்விகிதத்தை எவரும் நிர்ணயிக்கவில்லை. ரூபாயில் 165 கிரெயின் தூய வெள்ளி இருந்தது. பவுண்ட் தங்கத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உலகச் சந்தையில் இருந்த விலைத் தொடர்பே இரு நாணயங்களின் தொடர்பாகவும் அமைந்து, ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங்கில் நின்றது. 1870களில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்க, பிரான்ஸும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதைக் கட்டுப்படுத்த, அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளியும் வந்து குவிய, வெள்ளியின் விலை சரிந்தது. 1894–95 இல் ரூபாயின் சராசரி மதிப்பு சுமார் 13 பென்ஸாகக் குறைந்தது.

இச்சரிவு இந்திய அரசை வாட்டியதற்குக் காரணம் வாணிகம் அன்று, 'ஹோம் சார்ஜஸ்' எனப்பட்ட லண்டன் செலவினமே ஆகும். கடன் வட்டி, ரயில்வே முதலீட்டுக்கு உறுதியளிக்கப்பட்ட வருவாய், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியம், தளவாடக் கொள்முதல் ஆகிய அனைத்தும் பவுண்டில் செலுத்தப்பட வேண்டியிருந்தன. அரசின் வரி வருவாயோ ரூபாயில் வந்தது. ஒரு கோடி பவுண்ட் செலுத்த முன்பு 10 கோடி ரூபாய் போதுமாயிருக்க, 13 பென்ஸ் விகிதத்தில் 18 கோடிக்கு மேல் தேவைப்பட்டது. இந்தப் பணம் 'கவுன்சில் பில்' வழியாக லண்டன் சென்றது: இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் இவ்வுண்டியல்களை லண்டனில் ஏலத்தில் விற்றுப் பவுண்ட் பெற்றுக்கொள்வார்; வாங்கிய வணிகர்கள் அவற்றைக் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கருவூலங்களில் காட்டி ரூபாயாக்கி, இந்திய ஏற்றுமதிச் சரக்குக்கு விலை கொடுப்பார்கள்.

ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூனில், பொதுமக்கள் கொணரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டது. ரூபாய் அரிதாகவே, அதன் மதிப்பு உள்ளிருந்த வெள்ளியின் மதிப்பிலிருந்து விலகி மேலேறி, 1898 அளவில் 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது. ஃபவுலர் குழு அவ்விகிதத்தை ஏற்க, 1899 இல் பிரிட்டிஷ் தங்க நாணயமான சவரன் 15 ரூபாய்க்குச் செல்லுபடியாக்கப்பட்டது. (தமிழ்நாட்டில் நகை வாங்குவோர் இன்றும் சொல்லும் எட்டு கிராம் சவரன், ஏறத்தாழ அந்நாணயத்தின் எடையே.) வரி ரூபாயில் நிலையாக இருக்கையில் ரூபாயின் மதிப்பை உயர்த்துவது, உழவர் கூடுதல் விளைபொருளை விற்று வரி கட்டச் செய்யும் மறைமுக வரியே என்று தாதாபாய் நௌரோஜி வாதிட்டார், அவ்வாதத்துக்கு அரசுத் தரப்பில் நிறைவான மறுமொழி வந்ததாகக் கூற இயலாது.

முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறி, நாணயத்தை உருக்குவதே ஆதாயம் என்ற நிலை வந்ததால், 1917 முதல் விகிதம் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 1919 இல் பாபிங்டன் ஸ்மித் குழு தங்க மதிப்பில் 2 ஷில்லிங் என்று பரிந்துரைத்தது. குழுவின் ஒரே இந்திய உறுப்பினரான தாதிபா தலால் மட்டும் பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸே தக்கது என்று மாறுபட்டார். 1920 இல் அரசு உயர் விகிதத்தைக் காக்க, லண்டனில் பவுண்ட் தரும் 'ரிவர்ஸ் கவுன்சில்' உண்டியல்களைச் சந்தையைவிட மலிவாகச் சுமார் 5.5 கோடி பவுண்ட் அளவுக்கு விற்று, பெரும் இழப்புடன் செப்டம்பரில் கைவிட்டது. 1921 தொடக்கத்தில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே கிடந்தது. எனினும் 2 ஷில்லிங் விகிதம் 1927 வரை சட்டத்தில் மட்டும் உயிரோடிருந்தது.

ஹில்டன் யங் ஆணையம் 1926 இல் 1 ஷில்லிங் 6 பென்ஸைப் பரிந்துரைக்க, ஆணைய உறுப்பினர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸைக் கோரி மாறுபாட்டுக் குறிப்பு எழுதினார். இரண்டு பென்ஸ் வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும் அது எட்டில் ஒரு பங்கு உயர்வு ஆகும். இறக்குமதித் துணி மலிவாகும், ஏற்றுமதியாளர் பெறும் ரூபாய் குறையும் என்பதால் பம்பாய் ஆலை முதலாளிகளும் தேசியவாதிகளும் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் 1927 நாணயச் சட்டம் 18 பென்ஸையே நிலைநாட்டியது. 1931 செப்டம்பரில் பவுண்ட் தங்கத்தைக் கைவிட்டபோதும் ரூபாய் அதே விகிதத்தில் பவுண்டோடு கட்டப்பட்டது. 1934 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டமும் அதைப் பேணும் கடமையை வங்கியிடம் ஒப்படைத்தது.

பவுண்டுக்கு ரூ. 13.33 என்ற இவ்விகிதம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1949 செப்டம்பரில் பவுண்ட் டாலருக்கு எதிராக மதிப்பிறக்கப்பட்டபோது இந்தியாவும் உடன் இறங்கியதால், இரண்டுக்கும் இடையே மாற்றம் நேரவில்லை; உடன் இறங்க மறுத்த பாகிஸ்தானோடுதான் வாணிகம் முறிந்தது. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் ரூ. 4.76 இலிருந்து ரூ. 7.50 ஆக்கப்பட, பவுண்ட் 21 ரூபாயாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் பிரிட்டன் மீண்டும் மதிப்பிறக்கம் செய்தபோது இந்தியா பின்தொடராததால், பவுண்ட் 18 ரூபாய்க்கு இறங்கியது. 1971 டிசம்பரில் ரூ. 18.9677 என ரூபாய் மறுபடி பவுண்டோடு பிணைக்கப்பட்டது. ஆனால் 1972 இல் பவுண்டே மிதக்கத் தொடங்கிச் சரிந்ததால், ரூபாயும் காரணமின்றி அதனோடு சரிய நேர்ந்தது. 1975 செப்டம்பரில் அப்பிணைப்பு நீக்கப்பட்டு, பல நாட்டு நாணயங்களின் தொகுப்பு ரூபாய்க்கு அளவுகோலாயிற்று. அதன்பின்னும் ரிசர்வ் வங்கி தன் அன்றாட விகிதத்தைப் பவுண்டிலேயே அறிவித்து வந்தது. 1992 இல்தான் அவ்விடம் டாலருக்குச் சென்றது. 1993 மார்ச் முதல் ரூபாயின் விகிதத்தைச் சந்தை தீர்மானிக்கிறது. பவுண்டின் ரூபாய் விலை டாலர் விகிதத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது.