பேறுபெற்றவர் பேதையானது: ‘சீலி’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் ‘சேல்’ என்றால் நல்ல காலம், நற்பேறு. அதிலிருந்து பிறந்த பெயரடை ‘யெசேலி’. பேறுபெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் முன்னொட்டு உதிர்ந்து ‘சேலி’ ஆகி, பிறகு ‘சீலி’ என்று ஒலித்தது. இதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘சேலிக்’ இன்றும் அருள்பெற்றவர் என்ற பழைய உயரத்திலேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல்தான் படிப்படியாக இறங்கியது.

முதலில் அது இறைவன் அருள் பெற்றவர்களைக் குறித்தது. அருள் பெற்றவர் சூதறியாதவர். சூதறியாதவர் யாருக்கும் தீங்கு செய்யார். அப்படிப்பட்டவர் உலகில் எளிதில் அடிபடுவார். இந்த வழியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘பாவம், இரங்கத்தக்க’ என்ற பொருள் சேர்ந்துவிட்டது. பழைய பொருள் உடனே போய்விடவில்லை. பல பொருள்களும் நெடுங்காலம் ஒரே சொல்லுக்குள் சேர்ந்தே வாழ்ந்தன. அந்த மயக்கமே இதன் அழகு.

அதை முழுமையாகக் கையாண்டவர் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசர். ‘கேன்டர்பரி கதைக’ளில் மாவரைப்பவன் சொல்லும் கதையில் ஜான் என்றொரு வயதான தச்சன் வருகிறான். நோவா காலத்து வெள்ளம் மறுபடி வரப்போகிறது என்று வீட்டில் குடியிருக்கும் மாணவன் சொன்னதை நம்பி, மூன்று தொட்டிகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஒன்றில் படுத்துக்கொள்கிறான். இரவில் “தண்ணீர்” என்ற கூச்சல் கேட்டதும் கயிற்றை வெட்டிவிட்டுத் தரையில் விழுந்து கையை முறித்துக்கொள்கிறான். மனைவியைக் காக்கத் துடித்த அவனைச் சாசர் பலமுறை ‘சேலி’ என்கிறார். அப்பாவி, பாவப்பட்டவன், ஏமாளி என்ற மூன்றும் அங்கே பொருந்துகின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் கதையின் சுவை குன்றிவிடும்.

15ஆம் நூற்றாண்டில் நெடில் குறுகி ‘சில்லி’ என்ற வடிவம் தோன்றியது. அறிவற்ற என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ஓசியா நூலின் புத்தியற்ற புறாவுக்கு இந்த அடைமொழிதான். ஆயினும் ஸ்காட்லாந்தில் பழைய சாயல் தங்கியது. 1785இல் அந்நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், தம் ஏர் கலைத்த எலிவளையின் நலிந்த சுவர்களை இச்சொல்லால் சுட்டினார். அங்கு எலிக்கு அறிவில்லை என்ற பேச்சே இல்லை. காற்றில் சிதறும் சுவரின் மென்மைதான் அவர் மனத்தை உறுத்தியது.

‘சீலி’ என்ற வடிவம் பொதுவழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஸ்காட்லாந்து நாட்டார் வழக்கில் மனிதருக்கு நன்மை செய்யும் தேவதைக் கூட்டத்தின் பெயரிலும், வரலாற்றாசிரியர் ஜான் ராபர்ட் சீலி போன்றோரின் குடும்பப் பெயரிலும் அது எஞ்சியிருக்கிறது. குறுகிய வடிவமோ கிரிக்கெட்டில் புதுப் பொருள் பெற்றது: மட்டையாளருக்கு ஆபத்தான அளவு அருகில் நிற்கும் இடத்துக்கு ‘சில்லி பாயிண்ட்’ என்று பெயர்.