ஷெங்கன் வாயில்

சென்ற ஆண்டு ஐரோப்பிய நாடொன்றைச் சின்னாட்கள் கண்டுவரும் அவாவினால் விசாவுக்கு விண்ணப்பித்தேன். வங்கிக் கணக்கு, மருத்துவ இன்ஷூரன்ஸ், கட்டணம் 90 யூரோ அனைத்தும் கொடுத்தேன். திரும்பி வருவேன் என்பதற்குச் சான்று கேட்டார் எழுத்தர். வீடும் மனைவியும் இருப்பதாகச் சொன்னேன், எழுத்தில் வேண்டுமாம்!

மாணவ நண்பர்களே, 1914-ஆம் ஆண்டுப் பெரும்போருக்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் கடவுச்சீட்டின்றியே மக்கள் பயணம் செய்தனர். போர் அடைத்த வாயில்கள், சமாதானம் வந்த பின்னும் திறக்கவில்லை.

1985 ஜூன் 14 அன்று, லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில், மொசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில், பெல்ஜியம், பிரான்சு, நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. மூன்று நாட்டெல்லைகள் கூடுமிடம் அது; பொருத்தமான இடந்தான். 1995 மார்ச் 26 முதல் உள்ளெல்லைச் சோதனைகள் விலகத் தொடங்கின. 2025-இன் தொடக்கத்தில் 29 நாடுகள் ஆயின. குறுகிய கால விசா பெற்றவர் 180 நாட்களில் 90 நாட்கள் அவற்றில் உலவலாம்.

உட்சுவர் இடிந்ததனாலேயே வெளிவாயிலில் காவல் மிகுந்தது. ஒரு நாட்டின் அதிகாரி இருபத்தொன்பது நாடுகளுக்கும் சேர்த்து ஐயுறுகிறார். அச்சிட்ட படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டு என்னை மறுத்தனர்: திரும்பும் எண்ணம் ஐயத்திற்குரியதாம். மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன், இம்முறை வீட்டுப் பத்திரத்தையும் இணைத்துள்ளேன்.